சாக்ஸுக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்

ஏங்க,

உங்க அண்ணன் பத்து மணிக்கு வர்றாராம். எனக்குக் காலை ஷிப்ட், கிளம்பிட்டேன். முட்டை வேக வெச்சிருக்கேன், ரொட்டி மூடி இருக்கு. அவருக்கும் சேர்த்துத்தான்.

ஹார்ட் டிஸ்க் என் அலமாரியில, கம்பளி சாக்ஸுக்குள்ள இருக்கு. போன வருஷம் அண்ணன் குடும்பத்தோட இங்க வந்து தங்கினப்போ, அவர்கிட்ட "உங்க லேப்டாப்ல இருக்கிறதையும் ஒரு காப்பி எடுத்து வெக்கட்டுமா"ன்னு கேட்டேன். "எடுத்துக்கோம்மா, உனக்கும் பொழுது போகணுமே"ன்னு சிரிச்சார். ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறவர். இப்போ அவரோடது மொத்தமாப் படுத்துடுச்சு, ரிப்பேர் கடையில கையை விரிச்சுட்டாங்களாம்.

நேத்து உட்கார்ந்து ஒவ்வொண்ணா திறந்து பார்த்தேன். எடுத்து வெச்சா மட்டும் போதாது, திறக்குதான்னும் பார்க்கணும். ஒண்ணுகூடப் போகலை. அவங்க பாப்பா முதல் முதலா நடந்து வந்து உங்க மடியில விழுந்தாளே, அந்த வீடியோகூட அப்படியே ஓடுது.

டிஸ்க்கைக் கொடுத்து அனுப்பிடாதீங்க, அவர் கொண்டு வர்ற புது லேப்டாப்ல இங்கேயே காப்பி பண்ணிக்கட்டும். முடிஞ்சதும் வயரைச் சட்டுனு பிடுங்க வேண்டாம். எடுக்கலாம்னு திரையில வந்தப்புறம் எடுங்க.

அன்னைக்கு அவர் சிரிச்சப்போ நீங்களும் கூடச் சேர்ந்து சிரிச்சீங்க. நான் மறக்கலை. உங்களோடதையும் வெள்ளிக்கிழமை தவறாம எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

பி.கு.: "அவ அப்பவே கேட்டாளே"ன்னு அவர்கிட்ட நீங்க சொல்லிக் காட்டாதீங்க. நாலு மணிக்கு வந்துடுவேன், அதுவரைக்கும் அவரைப் போக விடாதீங்க. அதை நானே சொல்லணும்.