புளித்த ஒயின்

12 செப்டம்பர் 2006, செவ்வாய்.

முதன்முதலில் ஒயினைப் புளித்தண்ணி என்று துப்பியவன் நான். முகர்ந்துவிட்டுக் குடிக்கப் பழகவே பல வருஷம் ஆயிற்று. இன்று ராத்திரியும் முகர்ந்துதான் குடித்தேன். வாசலிலிருந்தே என் மனைவி செல்வி மூக்கைப் பொத்தினாள்.

"என்னங்க, கெட்டுப்போன வாடை இம்புட்டு அடிக்குது, தெரியாமயா குடிக்கீக?"

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை.

அதற்கு முன்னால், சாயங்காலம், பட்டாசு கம்பெனியில் மிஞ்சிய மருந்துக் கலவையை வழக்கம்போல் நான்தான் முகர்ந்து பார்த்திருந்தேன். ஈரம் பட்டிருந்தால் நெடி ஏறும். பிறகு தானே சூடாகித் தீப்பிடிக்கும்.

"நெடி இல்லலே, ரூமுல வச்சுப் பூட்டு" என்று வாட்ச்மேன் மாரியப்பனிடம் சொன்னேன். அவன் அந்த ரூம் ஓரமாகத்தான் படுப்பான்.

செல்வி வண்டிச் சாவியைத் தேடுகிறாள். மாரியப்பனுக்கு நான்காவது தரமாகப் போன் போட்டிருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.