கோட்டைச் சுவரில் சாய்ந்த கோல்

அன்பு மகளே,

நேற்று நூலகத்தில் உன் அப்பா தான் எடுத்த படங்களை ஊர்க்காரர்களுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்.

டெக்சாஸின் பாழடைந்த எல்லைக் கோட்டைகள்தான். முன்பெல்லாம் சுவரின் உயரம் தெரிய உன்னைத்தானே வெயிலில் பக்கத்தில் நிற்க வைப்பார்? நேற்றுக் காட்டியதெல்லாம் பதினைந்து வயதில் நீ வீட்டைவிட்டுப் போன பிறகு எடுத்த படங்கள்; அவற்றில் நீ நிற்கும் இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஒரு கோல் சாய்ந்திருந்தது.

இறைச்சிக் கடை மெர்ல் சும்மா இருப்பானா? "ஏம்ப்பா வெர்னான், எந்தப் படத்துலயும் ஆளே இல்ல. இந்தக் குச்சிய மட்டும் ஏன் கட்டிக்கிட்டு அழற?" என்றான்.

"அது குச்சி இல்ல. எங்க லோரீன். போனப்ப அவ அந்த உயரம்" என்றார் உன் அப்பா.

உன் பெயரை யாரும் எடுக்கக் கூடாதென்று மேசையில் அடித்துச் சொன்ன அதே மனுஷன். அறையில் விளக்கைப் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

காரில் வரும்போது ஒன்றுதான் கேட்டார்: "அதுக்கப்புறம் அவ வளந்திருப்பாளா?"

கோல் இப்போது சமையலறைக் கதவோரம் நிற்கிறது. ஒரு தடவை வந்து அதன் பக்கத்தில் நில்.

அம்மா