கொழுந்து லொறியில் ஏறிய மலை

அன்புள்ள அண்ணி,

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கையில்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் அண்ணனின் நெஞ்சைப் பற்றி வேறு யாரிடம் பேசுவேன்?

இதய வால்வு கிளினிக்கில் நீங்கள் நர்ஸாக உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது ஒரு சிங்கள மிஸ் இருக்கிறார். தமிழ் நன்றாகவே பேசுகிறார். வால்வு நோயாளிகளுக்கென்றே பயிற்சி பெற்றவராம். போன வாரம் அண்ணனோடு போயிருந்தேன்.

"மேல் மலைக்கு இன்னும் போறீங்களா, ஐயா?"

"தெனமும் போறேங்க மிஸ். தேயிலை மலையில வேலை வாங்குற கணக்கப்பிள்ளை அங்க போகாம இருக்க முடியுங்களா?"

மிஸ் அதை எழுதப்போனார். எனக்குப் பொறுக்கவில்லை. "கொழுந்து லொறியில ஏறிப் போறாரு மிஸ். நடக்கிறதில்ல."

அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "டீச்சரம்மாவுக்கு இங்கயும் ஒரு கிளாஸ் கெடைச்சிருச்சு."

மிஸ் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். அண்ணனை வராந்தாவில் நடக்கவைத்து, பக்கத்திலேயே நடந்தார். இரண்டாவது திருப்பத்தில் அண்ணன் மூச்சு வாங்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

"மழ வர்ற மாதிரி இருக்கு."

வானம் வெளுத்துக் கிடந்தது. மிஸ் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். "மழைய அப்புறம் பார்ப்போம் ஐயா. இப்ப உக்காருங்க."

அன்றே டாக்டரிடம் அழைத்துப்போய் ஸ்கேன் எடுக்கவைத்தார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் கெடுத்துவிட்டுப்போன அந்த வால்வு இன்னும் சுருங்கிவிட்டதாம். தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூன் அனுப்பி விரிக்க வேண்டும். திங்கட்கிழமை கொழும்புக்குப் போகிறோம்.

எதையெல்லாம் செய்வார்கள், எது தவறிப்போகலாம், வீட்டுக்கு வந்தபின் எதைக் கவனிக்க வேண்டும் என்று மிஸ் ஒளிக்காமல் சொன்னார். என் கேள்விகள் தீரும்வரை எழுந்து போகவில்லை. கேட்க வாய் வராத கேள்வி ஒன்று என்னிடமே இருக்கிறது. நீங்களும் இல்லாத வீட்டுக்கு நான் தனியாகத் திரும்பிவர நேர்ந்தால்?

பஸ்ஸில் தலவாக்கலை வந்தோம். இறங்கும்போது அண்ணன் கேட்டார்: "அவ இருந்திருந்தா லொறி கத மொத நாளே தெரிஞ்சிருக்கும், இல்ல?"

தெரிந்திருக்கும். ஏன் அண்ணி, எனக்கு மட்டும் இவ்வளவு நாளாயிற்று? தினமும் அந்த லொறியைப் பார்த்தவள்தானே நான்?

இப்போது அவர் ஆஸ்பத்திரியில் கட்டிக்கொள்ளப் புதுச் சாரம் இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். வீட்டுச் சாவி எங்கே தொங்குகிறதென்று எனக்கு இரண்டு தடவை காட்டிவிட்டார். கோபித்துக்கொண்டால்கூட நிம்மதியாக இருக்கும்.

உங்களிடம் ஒன்றும் வேண்டிக்கொள்ளப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் திரும்பி வந்து, மிஸ் சரியென்று சொன்ன பிறகு, மேல் மலைக்கு நடந்துதான் போவார். நான் பின்னால் போவேன். வழியில் மழை வருகிறதென்று அவர் நின்றால், நானும் நின்று வானத்தைப் பார்ப்பேன், உண்மையிலேயே வருகிறதா என்று.

உங்கள் கணவரைப் பார்த்துக்கொள்ளும்
நாத்தனார்