கறிக்கடைக்காரரின் திடீர்க் கரிசனம்

அன்பு மகன் தெல்மோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த அசோர்ஸ் தீவு மழையில் நனையாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அவர் காதில் விழுந்தது அடுத்த நிமிஷம் நம் காப்பிக் கடை முழுக்கத் தெரிந்துவிடுகிறது. அதனால் ஆட்டம் பார்க்க அங்கே வரும் உன் சித்தி மகள் நேலியாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன், பிரித்து ஒட்டின மாதிரி இருந்தால் எனக்குச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டத்தில் உன் அணியை ஜெயித்தால்தான் நம் ஊர் அணி முதல் டிவிஷனில் தங்கும், இல்லாவிட்டால் இரண்டாவதுக்கு இறங்கிவிடும் என்று ஆனதிலிருந்து எல்லோருக்கும் என்மேல் பாசம் பொங்கி வழிகிறது. உன் அணிக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான், அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். கறிக்கடை பெல்மீரோ கட்டைவிரலையும் சேர்த்து நிறுக்கிற மனுஷர், திங்கட்கிழமை கேட்காமலே நாலு விலா எலும்பைக் கூடப் போட்டு, "பையனுக்குத் தொடை எப்படி இருக்கு? பாத்து இருக்கச் சொல்லுங்க, தசை கிழிஞ்சா லேசுல சேராது" என்றார். உன் தொடையில் கோளாறு என்று பெற்ற எனக்கே தெரியாதபோது கறிக்கடைக்கு எப்படித் தெரிந்தது? எலும்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மாடி வீட்டு கிராசியெட், உன் பந்து அவள் ஜன்னலை உடைத்த நாளிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவள், ஆரஞ்சு கேக் சுட்டுக் கொண்டுவந்து, "இதலீனாக்கா, நம்ம புள்ள நம்ம ஊர விட்டுக் குடுக்குமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேக்கை முதலில் பூனைக்குப் போட்டுப் பார்த்தேன். பூனை நன்றாகத்தான் இருக்கிறது, கேக்கில் முட்டைதான் போதவில்லை. பாதிரியாரும் தன் பங்குக்கு, பிறந்த மண்ணை மறக்காதே என்று பிரசங்கத்தை இழுஇழு என்று இழுத்தார், பார்வை முழுக்க என் பெஞ்சின் மேல்தான். நம் அணி தங்கினால் தங்கள் அணி இறங்க வேண்டிய பக்கத்து ஊர்க்காரர்கள் வேறு சந்தையில் என்னைக் கண்டதும், "பாத்துக்கிட்டே இருங்கடா, தெல்மோ கால்ல கட்டோட உக்காந்திருப்பான், அம்மா வீட்டுல விருந்து நடக்கும்" என்று என் காதுபடவே சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உன் அப்பா இவர்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு தட்டைக் கழுவாதவர் இந்த வாரம் முழுக்கப் பாத்திரம் துலக்குகிறார், எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. லிஸ்பனிலிருந்து பெரிய அணிகள் இங்கே ஆட வரும் நாட்களில்தான் நம் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம், அணி இறங்கினால் அந்தக் கூட்டமும் போய்விடும், அப்புறம் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்ட வேண்டியதுதான். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது கண்ணா, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். செவ்வாய்க்கிழமை நீயே போன் செய்து வலது தொடை பிடித்துக்கொண்டது, ஞாயிறு ஆட முடியாதுபோல என்றாய். நான் நம்பினேன், கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். நேற்று சூப் ஊற்றிக்கொண்டே அப்பாவிடம் பிள்ளைக்கு வலி எப்படியாம் என்றேன். "இடது தொடை கொஞ்சம் பிடிச்சிருக்காம், அவனே சொன்னான், நான் ஒண்ணும் கேக்கல" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு வலது, அவருக்கு இடது. பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வயிறு வலிக்கிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டவன்தானே நீ. உன்னை யார் கேட்டார்கள், அப்பாவா, வேறு யாராவதா, நீயாகவே எங்களுக்காக நினைத்தாயா, எனக்குத் தெரிய வேண்டாம். ஆடு. நீ கோல் போட்டு நம் ஊர் இறங்கினால் இந்தத் தெருவில் யாரும் எனக்கு வணக்கம் சொல்ல மாட்டார்கள், முன்னாடி மட்டும் சொன்னார்களா என்ன. கடையை வேறு மாதிரி ஓட்டிக்கொள்வோம். கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாயானால், நாளைக்கு நிஜமாகவே கால் வலித்து நீ மைதானத்தில் விழும்போது நம்ப ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், நான்கூட.

மாதா உன்னோடு கூடவே ஓடட்டும், உன் இரண்டு கால்களையும் காக்கட்டும். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. ஒன்றை மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை உன் பெயர் போட்ட உன் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் கடையில், டிவிக்கு நேர் எதிரே, அத்தனை பேர் நடுவில் உட்காரப் போகிறேன். நீ மைதானத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் சட்டையோடு அங்கேதான் இருப்பேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா இதலீனா