சாவுச் சேதி வராத பெட்டி

இன்று காலை கடை லேப்டாப்பைப் போட்டதும் திரையின் கீழ் மூலையில் அந்தப் பச்சைக் கட்டம் எட்டிப் பார்த்தது. ‘நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டது. வைரஸையும் வேண்டாத மெயிலையும் தடுக்க நீ போட்டுவிட்டுப் போன மென்பொருள்தான். நான் நன்றாக இருக்கிறேன் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிற ஜீவன் இப்போது ஊரில் இது ஒன்றுதான். நானும் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். டீ ஆறிப்போயிருந்தது. ஆறியது தெரிந்தது, அதனால் ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது.

உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, நான் இன்னும் அழவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போதே நீ சாய்ந்துவிட்டாய் என்று போன் வந்தபோது தறிப் பாவுக்கான நூலை எடை போட்டுக்கொண்டிருந்தேன். எடையை முடித்து, சீட்டில் எழுதி, தராசைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் என்று கேட்காதே. ஐஸ் பெட்டிக்குச் சொன்னது, சாமியானா போட்டது, வந்தவர்களுக்கு டீ வாங்கியது எல்லாம் நான்தான். சுடுகாட்டில் உன் மச்சான் என் மேல் விழுந்து கதறினார். அவர் சட்டைப் பையில் இருந்த செல்போன் என் மார்பில் குத்தியது. அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா மன்சன்யா இவன், ஒரு சொட்டு வர்லியே” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. யாரென்று எனக்குத் தெரியும். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: சொந்த மாமியார் சாவில் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டாடினவன்தான். ஆனாலும் அவன் சொன்னது சரி. ஒரு சொட்டு வரவில்லை.

உன் வீட்டுக்காரிக்கு என் கண்ணைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். காரியம் முடிந்த மறுநாள் முதல், நான் எப்போது போனாலும் அதையே கேட்டாள்.

“வெளியூர்லருந்து யாராச்சும் எழுதனாங்களாண்ணா?”

நாம் சேர்ந்து நடத்திய சேலை வியாபாரத்தில் தறியும் ஜரிகையும் நெசவாளிகளின் சண்டையும் என் பாடு. ஆங்கிலமும் மெயிலும் வெளியூர்க் கடைக்காரர்களும் உன் பாடு. ஹூப்ளி, இந்தூர், கொல்கத்தா என்று முகமே பார்க்காத ஆட்களுக்கு வருஷக்கணக்கில் நீ எழுதிக்கொண்டே இருந்தாய். அவர்களுக்கு உன் போன் நம்பர்கூடக் கொடுத்ததில்லை. “வாயால பேசனா நாளைக்கு இல்லன்னுடுவான்டா, எழுத்துல இருக்கணும்” என்பாய். பொங்கல் அன்றுகூட அந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்பது அவளுடைய பழைய புகார். நீ இறந்த செய்தியை உன் மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். கடை மெயிலிலிருந்து எல்லாருக்கும் நான்தான் அனுப்பினேன். ஒருவரும் ஒரு வரி பதில் போடவில்லை.

“இப்பல்லாம் யாரும்மா எழுதறாங்க. ரெண்டு கைய கூப்பி ஒரு பொம்ம அனுப்பிட்டு போய்னே இருக்கறாங்க” என்றேன்.

“அந்தக் கையாச்சும் வந்துச்சா?”

வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் வெண்டைக்காயை நறுக்கினாள்.

“அப்போ இவரு இன்னாண்ணா அவங்களுக்கு? மெயில் போட்ற மிஷினா?”

ஹூப்ளிக்காரர் மேல் நான் கடுங்கோபத்தில் இருப்பதாக முடிவு செய்துகொண்டேன். கோபம் வரவில்லை. வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு ஞாபகத்தில் அப்படி வைத்துக்கொண்டேன்.

அவர்தான் போன வாரம் பில்லில் இருந்த கடை நம்பருக்குப் போன் செய்தார். கன்னடத்தில் முக்கி எடுத்த தமிழ்.

“என்ன சார், நம்ம மேலே கோபமா? ரெண்டு மெயில் போட்டாச்சு, ஒண்ணுக்கும் பதில் இல்லே.”

“என்ன மெயில் சார்?”

“அவரு போனதுக்கு ஒண்ணு. ஆர்டருக்கு ஒண்ணு. அதிலேயும் மொதல்லே அவர் விஷயம்தான் எழுதினேன்.”

வந்த மெயில்களில் தேடினேன். இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், அணைத்துவிட்டுப் போடுவது. அதையும் செய்தேன். அப்புறம் அந்தப் பச்சைக் கட்டத்தில் இருந்த உதவி எண்ணுக்கு அடித்தேன். சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். என் திரையை அங்கிருந்தே பார்க்கிற மாதிரி எதையோ அழுத்தச் சொன்னாள். அழுத்தியதும் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நான் பின்னால் நின்று பார்ப்பேனே, அப்படி நின்று பார்த்தேன். நாற்காலி காலிதான். உட்கார்ந்திருக்கலாம். தோன்றவில்லை.

“எந்த மெயிலுமே வரலையா சார், இல்ல சிலது மட்டுமா?”

“மூட்டுவலி எண்ணெய் விக்கிறவன் நாள் தவறாம எழுதறாம்மா. மனுஷங்க எழுதறதுதான் வரலை.”

அவள் சிரிக்கவில்லை. வேலையில் கெட்டி. வடிகட்டும் அளவு ரொம்ப அதிகமாக இருக்கிறதா என்று பார்த்தாள், நடுத்தரமாக இருந்தது. அவளே ஒரு சோதனை மெயில் அனுப்பினாள், வந்துவிட்டது. பிறகு தடை செய்த ஆட்களின் பட்டியலைத் திறந்தாள். நீ வருஷக்கணக்கில் சேர்த்த பெயர்கள். நடுவில், சீட்டுக் கம்பெனியில் சேரச் சொல்லி ஓயாமல் எழுதுகிற என் மனைவியின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்.

“இவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா சார்? எடுத்துடட்டுமா?”

“வேணாம்மா. அது சரியாத்தான் இருக்கு.”

இதற்குச் சிரித்தாள். உனக்கும் சிரிப்பு வந்திருக்கும். பிறகு இன்னொரு பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், ரூல்ஸ்ல ஒண்ணு யாரோ கையால எழுதிப் போட்டிருக்காங்க. டெத், டிமைஸ், கண்டோலன்ஸ், பாஸ்டு அவே, ஹார்ட் அட்டாக்... எல்லாம் சாவு சம்பந்தமான வார்த்தை. இதுல எந்த ஒண்ணு வந்தாலும் மெயில் உங்க பெட்டிக்கு வராம நேரா குவாரன்டைனுக்குப் போகணும்னு இருக்கு. யாரு சார் இப்படிப் போட்டது?”

“செத்துப்போனவரு” என்றேன்.

திரையில் அம்புக்குறி அப்படியே நின்றது.

அந்த ரூலை நீ ஏன் போட்டாய் என்பது ஆரணியில் பாதிப் பேருக்குத் தெரியும், நீயே டீக்கடையில் உட்கார்ந்து பரப்பினாய். கடைக்கு மெயில் வந்த புதிது. வெளிநாட்டு வக்கீல் ஒருவர் எனக்கு எழுதினார்: என்னுடைய அதே குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் கார் விபத்தில் இறந்துவிட்டார், சொத்துக்கு வாரிசில்லை, நெருங்கிய உறவு நான்தான். மற்ற ஊர்க்காரன் இதைப் படித்தால் தூரத்துச் சொந்தம் என்று நினைப்பான். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? மெயில் கணக்குத் திறக்கும்போது அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடமாட்டேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்ததால் எங்கப்பா பெயரைப் போட்டிருந்தேன். எங்கப்பா பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் வைத்திருக்கிறவன் யாராக இருக்க முடியும்? எங்கப்பாவின் மகனாகத்தானே? ஒரே பிள்ளையாக வளர்ந்த எனக்கு வெளிநாட்டில் ஓர் அண்ணன் இருந்திருக்கிறான்! சொத்து எனக்குப் பெரிதாகப் படவில்லை. பொய். கொஞ்சம் பட்டது.

சந்தவாசலுக்குப் போய்ப் பெரியப்பாவைக் கேட்டேன். “உங்கப்பன் காட்பாடிய தாண்டனதில்லடா” என்று அடித்துச் சொன்னார். வெற்றிலையை மென்று முடிப்பதற்குள், “ஒரு தபா பம்பாய்க்கு சரக்கு எடுத்துகினு போனான்தான். ஒரு மாசம் ஆளே இல்ல” என்றார். போதாதா? அம்மா அன்றே அப்பா படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். எந்த வயிற்றில் பிறந்தாலும் அண்ணன் அண்ணன்தான், தீட்டு தீட்டுதான் என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்ல, வீடே தலைமுழுகியது. நான் அழுதேன். முகமே பார்க்காத அண்ணனுக்காக, ஈர வேட்டியோடு, விக்கல் எடுக்க எடுக்க அழுதேன்.

அப்போதுதான் நீ ஜரிகைக் கட்டோடு உள்ளே வந்தாய். எங்கள் ஈரத் தலைகளைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாய்.

“யாருடா?”

“எங்கண்ணன்டா.”

“உனுக்கு ஏதுடா அண்ணன்?”

“இருந்துக்கிறான்டா. இப்பதான் மெயில் வந்துச்சு.”

நீ மெயிலைப் படித்தாய். உன் மெயிலைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். “பாரு. எங்கப்பனுக்கும் ஒரு புள்ள அதே கார்ல செத்துக்கிறான்.” அதன் பிறகு சிரிக்க ஆரம்பித்தவன் தரையில் உட்கார்ந்துவிட்டாய். அம்மா மாலையைத் திரும்பப் போட்டாள். “அது சரி, ஒரு மாசம் பம்பாய்ல இன்னா பண்ணாரு?” என்று படத்தைப் பார்த்துக் கேட்டதும் அவள்தான். மறுநாளே இந்த மென்பொருளை வாங்கிப் போட்டு, உட்கார்ந்து அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடித்தாய். “இனிமே உன் பொட்டிக்கு சாவு சேதியே வராது, போ. நிம்மதியா இரு.”

வரவில்லை. நீ செய்த வேலை எதுதான் சரியாக நடக்காமல் இருந்தது?

அந்தப் பெண் குவாரன்டைனைத் திறந்தாள். கொரோனாவுக்குப் பிறகு இந்த வார்த்தைக்கு ஊரில் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. ஒதுக்கி வைக்கிற இடம். “கொஞ்ச நாள் வெச்சிருந்துட்டு அதுவே அழிச்சிடும் சார். மொதல்ல வந்ததெல்லாம் போயிருக்கும். மிச்சம் இருக்கறதுதான்” என்றாள். போனது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. மிச்சத்தைப் பார்த்தேன். வக்கீல்கள் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு மேலும் இரண்டு அண்ணன்கள் செத்துப்போயிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நீ இருந்தாய்.

“அந்த ரூலை எடுத்துடட்டுமா சார்?”

“எடுத்துடும்மா.”

ஒரு கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தாள். அவ்வளவுதான். பிறகு, அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வசனத்தில் இது இருந்திருக்காது, “சாரி சார்” என்றாள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஹூப்ளியையும் இந்தூரையும் கொல்கத்தாவையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். நல்ல மனிதர், சொன்ன சொல் தவறாதவர், நம்ப முடியவில்லை, எல்லாரும் எழுதுகிறதுதான். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் கடைசியில் மூன்று பேரும் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள். எனக்கே அது தெரியாது, நீ அனுப்பியதை நான் எப்போது படித்தேன்? விலையும் நிறமும் முந்தி அளவும் எழுதி முடித்துவிட்டு, உன் பெயருக்கு மேலே தவறாமல் ஒரு வரி போடுவாயாமே. சாப்பிட்டீர்களா என்று. இத்தனை வருஷத்தில் தன்னிடம் அதைக் கேட்ட ஒரே வியாபாரி நீதான் என்று இந்தூர்க்காரர் எழுதியிருந்தார். அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போவாராம் கொல்கத்தாக்காரர்.

“இன்னாண்ணா சொல்றீங்க? இவரா?”

“மூணு பேரும் எழுதிக்கிறாங்கம்மா.”

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“வூட்ல ஒரு நாள் என்ன கேட்டதில்லண்ணா அந்த மன்சன். ஒரு நாள். இந்தூர்காரன் துன்னானா இல்லியான்னு விசாரிச்சுகினு இருந்துக்கிறாரு!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரிப்பு நடுவிலேயே வேறு பக்கம் திரும்பிவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. வந்தால் நல்லது என்று மட்டும் இருந்தது.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பதில் எழுதுங்கண்ணா” என்றாள்.

“இன்னான்னும்மா எழுதறது?”

“அவரு சாப்ட்டுதான் போனாருன்னு எழுதுங்க. இட்லி, வேர்க்கடல சட்னி. நல்லா சாப்ட்டாரு. இன்னொண்ணு வெச்சேன், வாணாம்னாரு. வாணாம்னதையும் எழுதுங்க.”

என் ஆங்கிலம் உனக்குத் தெரியும். எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். “வேர்க்கடலய போட்டீங்களா?” என்றாள். போட்டிருந்தேன். மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்பினோம். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்கு விட்டாள்.

இப்போது மெயிலும் என் பாடு. விலை, நிறம், முந்தி அளவு எல்லாம் தப்பும் தவறுமாக எழுதி முடித்ததும் விரல் தானாக அந்த வரியை அடித்துவிடுகிறது. எனக்கு அவர்கள் சாப்பிட்டதில் அக்கறை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை; அடித்து அனுப்பிவிடுகிறேன். அனுப்பிவிட்டு, நமக்குப் பசிக்கிறதா என்று ஒரு தரம் உள்ளே பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் தெரிவதில்லை.

நேற்று பசித்தது. உன் வீட்டில்தான் உட்கார்ந்தேன். வயிறு நிறைந்த பிறகு அவள் இன்னொரு இட்லியைத் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.