செவலை ஊடு சேர்ந்துச்சா?

ஏனுங்க,

சாமைச் சோறு குண்டாவுல இருக்குது, தட்டப்பயறு குழம்பு அடுப்பு மேல. நான் பெரக்கரைக்கு அம்மா ஊட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது.

நாளைக்கு மிளகு பார்க்க சேந்தமங்கலத்து உவைஸ் பாய் வருவாருங்க. போன வாரம் அவருக்கு மாதிரி மிளகைப் பொட்டலம் கட்டிக் குடுத்தீங்களே, அந்தத் தாளெல்லாம் என் கதைப் புத்தகத்தோட கடைசி அத்தியாயம். அஞ்சாம் வகுப்புல பரிசா வாங்கினது. காய்ச்சல்ல கெடந்தப்பவும், மொதக் கொழந்தை தங்காமப் போனப்பவும் அதைத் திரும்பத் திரும்பப் படிச்சுத்தான் எந்திரிச்சேன். "பழைய தாள்தானே புள்ள"ன்னு சிரிச்சீங்க.

நல்லாச் சிரிங்க. சாயங்காலம் மிளகு உதிர்க்கறப்ப நான் சத்தமாப் படிச்சா, காதே கேக்காத மாதிரி ஒக்காந்திருப்பீங்க. ஆனா சர்க்கஸ்ல இருந்து தப்பிச்ச செவலைக் குதிரை ஊடு தேடி ஆத்து வெள்ளத்துல எறங்கினப்ப, உங்க கை அப்படியே நின்னு போச்சு. நான் பார்த்தேன். அதோட அந்த அத்தியாயம் முடிஞ்சுது. அடுத்ததுதான் நீங்க கிழிச்சுப் பொட்டலம் கட்டுன கடைசி அத்தியாயம்.

மிச்சம் எனக்கு மனப்பாடம். சொல்ல மாட்டேன். வேணும்னா உவைஸ் பாய்கிட்ட, மூட்டை தூக்க வர்ற ஆளுங்க முன்னாடி, "குதிரை என்னாச்சுங்க"ன்னு கேளுங்க.

கோகிலா

கோழியை அடைக்க மறந்துறாதீங்க.

போன் பண்ணினா எடுப்பேன். ஊறுகா எங்கன்னு கேட்டா சொல்லுவேன். குதிரையைப் பத்திக் கேட்டா வெச்சுருவேன்.