எஞ்சின் அக்கா எடுத்த லீவு

மார்ச் 4

என் அருமை அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் விசாவுக்கு வேண்டிய தாள்கள் எல்லாம் தயார். உனக்கென்று தனி அறை, கிழக்கே ஜன்னல், புது மெத்தை. நாற்பத்துமூன்று வயதில் படகு எஞ்சின் மெக்கானிக் வேலை உனக்கு எதற்கு? அம்மா அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாய். இனியாவது உட்கார்ந்து சாப்பிடேன். அந்த வீட்டில் நீ தன்னந்தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரும் "அக்கா வரட்டுமே, வீடு கலகலன்னு இருக்கும்" என்கிறார். சட்டுபுட்டென்று கிளம்பு.

உன் செல்லம்

மார்ச் 19

செல்லக் கழுதைக்கு,

தாளில் கறை இருந்தால் முகம் சுளிக்காதே. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகமாட்டேன் என்கிறது.

உட்கார்ந்து சாப்பிடவா? நீ கல்யாணமாகிப் போன கையோடு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, மீசை முளைக்காத பையன்களோடு ஒரே பெஞ்சில் படித்துச் சான்றிதழ் வாங்கினது அதற்குத்தானா? இப்போது இந்தத் துறைமுகத்தில் என் பெயரே எஞ்சின் அக்கா.

போன வாரக் கூத்தைக் கேள். ஒரு மீன்பிடிப் படகின் எஞ்சினைச் சரிசெய்துவிட்டு, ஓட்டிப் பார்க்கக் கடலுக்குள் போனோம். எனக்குத்தான் பஸ் ஏறினாலே தலை சுற்றுமே! பாதி வழியில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரே வாந்தி. படகுக்காரர் பதறிப்போய், "அக்கா, திரும்பிடலாமா?" என்றார். தலையைத் தொங்கப்போட்டிருந்தபோதுதான் பார்த்தேன். எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு வெளியே கொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன். தண்ணீர் இழுக்கும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டிருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் எஞ்சின் சூடேறி நாசமாகியிருக்கும். கரைக்கு வந்ததும் அந்த மனுஷர், "அக்கா வாந்தியெடுத்தே ரிப்பேரைக் கண்டுபிடிச்சிட்டாங்க" என்று எல்லாரிடமும் சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டார்.

நான் வரவில்லையடி. கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. என்னைவிட அந்த எஞ்சின் உனக்குப் பெரிதாகிவிட்டதா? அக்காவைத் தனியே விட்டுவிட்டாயே என்று நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்வது?

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அவர் மாதத்தில் பாதி நாள் வேலையாக வெளியூர். நான் டிவியைப் போட்டுவிட்டுச் சமைப்பேன், ஏதாவது சத்தம் இருக்கட்டுமே என்று. எதிர்வீட்டு அம்மா மாடிப்படியில் பார்த்தால் சிரிப்பார், உடனே கதவைச் சாத்திக்கொள்வார். சரி, இதெல்லாம் உனக்கு எதற்கு? என் கவலை எல்லாம் உன்னைப் பற்றித்தான்.

இப்படிக்கு,
தங்கை

ஏப்ரல் 17

அடி கோபக்காரி,

'இப்படிக்கு' என்று போட்டால் பயந்துவிடுவேனா?

உன் கடிதத்தை ஒர்க்‌ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். மத்தியானம் வேலை ஓடவில்லை. எனக்கு இங்கே பேசிப் பேசித் தொண்டை வறள்கிறது. படகுக்காரர்கள் எஞ்சினைப் பற்றி ஆரம்பித்து மாமியார் சண்டை வரை என்னிடம்தான் கொட்டுகிறார்கள். இப்போது சொல், யாருக்கடி தனிமை? எனக்கா, உனக்கா? இடுப்பில் தூக்கி வளர்த்தவளிடம் என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது? மறைக்காமல் எழுது.

உன் அக்கா

மே 5

அக்கா,

எனக்குத்தான்.

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன், அதனால்தான் தாமதம். அவர் தங்கமானவர், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் சில நாள் பொழுது சாயும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். குரல் இருக்கிறதா என்று செருமிப் பார்த்துக்கொள்வேன். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டு வாழவைத்தவளிடம் எப்படிச் சொல்வேன்?

உன்னை வரச்சொல்லிக் கேட்கமாட்டேன். மீன்பிடி சீசன் தொடங்கப்போகிறது, ஒர்க்‌ஷாப்பில் தலைக்குமேல் வேலை இருக்கும். சொல்லவேண்டும்போல் இருந்தது, சொல்லிவிட்டேன்.

உன் செல்லம்

மே 20

என் கண்ணே,

முதலாளியிடம் இரண்டு மாதம் லீவு கேட்டேன். "சீசன் நேரத்துல இப்படிக் கழுத்தறுக்கிறீங்களே!" என்று குதித்தார்.

"தங்கச்சியைப் பார்க்கணும்" என்றேன்.

"வரச்சொல்லிக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிடல. அதான் போறேன்."

முதலாளி லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அப்புறம், "போய்ட்டு சீக்கிரம் வந்துடுங்க" என்று முனகினார்.

ஆமாம், திரும்பி வந்துவிடுவேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்த பிறகு கண்ணைக் கசக்காதே. இந்த வேலையை நான் விடமாட்டேன். ஆனால் அந்த இரண்டு மாதமும் நான் உனக்குத்தான்.

அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி வந்து இறங்குகிறேன். என் கதைகளை எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் நீ பேசு, நான் கேட்கிறேன்.

உன் அக்கா